லாரியின் அடியில் இருக்கும் வரலாறு: துருவின் வரைபடமும் 15 ஆண்டுக் கணக்கும்

1970ஆம் ஆண்டையொட்டி ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு வரைபடம் வெளிவந்தது. கே. என். பி. ராவ், ஏ. கே. லாஹிரி ஆகிய இருவரும் பதிப்பித்த அதன் பெயர் 'இந்திய அரிமான வரைபடம்'. வெளியிட்டது சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் அரிமான ஆலோசனைப் பிரிவு. இந்நாட்டின் எந்தப் பகுதியில் இரும்பு விரைவாகத் தேயும், எந்தப் பகுதியில் மெதுவாகத் தேயும் என்பதை அது காட்டியது. பாலம் கட்டுவோர், மின்கோபுரம் நிறுத்துவோர், எண்ணெய்க் கிடங்கு அமைப்போர் ஆகியோருக்கு அது பயன்பட்டது.

அதே ஜாம்ஷெட்பூரில், அதற்குச் சுமார் 16 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடிய லாரிகள் உருவாகிக்கொண்டிருந்தன. துருவை அளந்தவர்களும் துருப்பிடிக்கப்போகும் எஃகை வளைத்து ரிவெட் அடித்தவர்களும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். ஆயினும் பிற்காலத்தில் லாரியின் ஆயுளை நிர்ணயிக்க எழுதப்பட்ட விதிகளில் அந்த வரைபடத்துக்கு இடம் கிடைக்கவில்லை. விதிகள் ஆண்டுகளை எண்ணின. துருவோ எப்போதும் உப்பையும் ஈரத்தையும் எண்ணிவந்திருக்கிறது. இவ்விரு கணக்குகளும் எவ்வாறு பிரிந்தன என்பதை அறிய, இந்திய லாரியின் அடிப்பாகத்தைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும்.

இந்திய லாரியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தையும் முதுகையுமே எழுதியிருக்கிறார்கள். நெற்றியில் தீட்டப்பட்ட தாமரை, பின்பலகையில் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்', கறுப்புக் குஞ்சம், எலுமிச்சையும் மிளகாயும் எனப் பார்வைக்குப் படுபவை நூல்களாகவும் நிழற்படத் தொகுப்புகளாகவும் வந்துள்ளன. வண்டியைத் தாங்கும் இரண்டு நீண்ட எஃகு விட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்கு விட்டங்கள், பட்டைகள், அச்சுகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றுக்கு அத்தகைய எழுத்து வாய்க்கவில்லை. வண்டி விழுவதும் நிற்பதும் அங்கேதான் முடிவாகின்றன.

துரு எங்கே வளர்கிறது

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அதைக் கடந்த இரு செய்திகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் தெளிவாயின. ஒன்று, டபிள்யூ. எச். ஜே. வெர்னனின் ஆய்வுகள் காட்டியது: காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போதுதான், அதிலும் மாசு கலந்த காற்றில்தான், அரிமானம் திடீரென வேகம் பெறுகிறது. மற்றொன்று, கேம்பிரிட்ஜின் யூலிக் எவன்ஸ் ஒரு துளி உப்பு நீரைக் கொண்டு விளக்கியது: ஆக்சிஜன் நன்கு கிடைக்கும் இடத்தைவிட, அது குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் இரும்பு கரைகிறது.

இரண்டாவது செய்தி லாரியின் அடிப்பாகத்தை நன்கு விளக்குகிறது. காற்றுபடும் திறந்த தகடு மேலோட்டமாகச் சிவந்து கிடக்கும். சேறு அப்பிய மூலை, இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கு, மரக்கட்டையின் கீழ் மறைந்த விளிம்பு ஆகியவை உள்ளுக்குள் தின்னப்படும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் துரு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஆபத்தான துரு மறைந்தே இருக்கும்.

இடத்தின் வலிமையை உணர இந்திய வரலாற்றிலேயே நல்ல சான்றுகள் உண்டு. தில்லி மெஹ்ரோலியின் இரும்புத்தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் அதன் மேற்பரப்பை விரிவாக ஆராய்ந்து, இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குவதை விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணைநின்றது. ஒடிசாவின் கோனார்க்கில் 13ஆம் நூற்றாண்டுக் கோயிலுக்குப் பயன்பட்ட பெரும் இரும்பு உத்தரங்கள் கடற்காற்றில் அரித்துக் கிடக்கின்றன. இதில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. 1961இல் தில்லித் தூணைப் பாதுகாப்புப் பணிக்காகத் தோண்டி எடுத்தபோது, மண்ணுக்குள் இருந்த பகுதியில் துரு அடுக்காகப் படிந்திருந்தது. துருப்பிடிக்காத தூண் என்று உலகம் வியந்த அந்தத் தூணும் அடியில் துருப்பிடித்தே இருந்தது.

உடலில்லாமல் பிறந்த வண்டி

இந்தியாவில் மோட்டார் வண்டித் தொழில் பொருத்துதலாகத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் மும்பையின் சேவ்ரியில் வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டு வண்டிகளைப் பொருத்தியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் படைகள் விட்டுச்சென்ற லாரிகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் அக்காலத்துப் போக்குவரத்துக்காரர்களின் பேச்சில் நிலைபெற்றது. போர்க்களத்துச் சேற்றையும் மழையையும் கண்ட வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டத் தெரிந்தவர்களே அப்போது தொழிலில் முன்னேறினர். பழைய வண்டியை வாழவைக்கும் கைத்திறன், புதிய வண்டி இந்நாட்டில் உருவாவதற்கு முன்பே இங்கு வேரூன்றிவிட்டது.

உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத பொருத்து நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1953இல் உருவானதும், ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் வெளியேறின. 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்து, அதே ஆண்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து முதல் டாடா-மெர்சிடிஸ் லாரியை வெளிக்கொணர்ந்தது. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டுடன் இணைந்து 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறியது. 1969இல் ஜெர்மன் ஒப்பந்தம் முடிந்தபோது வண்டியின் மூக்கிலிருந்து மூன்றுமுனை நட்சத்திரம் அகன்றது. வண்டி ஏறத்தாழ அதே வண்டியாக நெடுங்காலம் நீடித்தது.

இந்த வரலாற்றில் துருவோடு தொடர்புடைய செய்தி, இந்திய லாரி எந்த வடிவில் விற்கப்பட்டது என்பது. தொழிற்சாலை விற்றது சேசிஸை மட்டுமே. எஞ்சின், அச்சு, சக்கரம், முன்பக்கத்து மூடி ஆகியவற்றோடு ஓட்டுநரின் தலைக்கு மேல் கூரையில்லாத ஓர் எலும்புக்கூடு ஜாம்ஷெட்பூரிலிருந்து புறப்படும். பலகை இருக்கையில் தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர் அமர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதை ஓட்டிச் செல்வார். மழை பெய்தால் அவரும் நனைவார், சேசிஸும் நனையும். பிறகு பஞ்சாபின் சிர்ஹிந்த் போன்ற ஊர்களில் பாடி கட்டும் பட்டறை அதற்கு மரமும் தகடும் கொண்டு உடல் அமைக்கும்.

உடல் ஒருவர் பொறுப்பு, எலும்பு மற்றொருவர் பொறுப்பு என்று ஆனபோது, இரண்டும் சந்திக்கும் கோடு எவர் பொறுப்பும் இல்லாமல் போயிற்று. பாடியைச் சேசிஸின் மீது நேராக வைப்பதில்லை. இடையே நீண்ட மரக்கட்டையை வைத்து, யூ போல்ட்டால் இறுக்குவார்கள். அதிர்ச்சியைத் தாங்க அம்மரம் தேவை. அதே மரம் மழைநீரையும் சரக்கிலிருந்து வடிவதையும் உறிஞ்சி, எஃகின் மேல்விளிம்பில் நாட்கணக்கில் ஈரத்தை நிறுத்திவைக்கும். எவன்ஸின் உப்புத் துளி செய்த வேலையை அந்த மரக்கட்டை ஆண்டுக்கணக்கில் செய்தது. விட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன என்பதை நினைவில் கொண்டால், அந்த இடத்துத் துருவின் பொருள் விளங்கும்.

கனமான சரக்குக்காக விட்டத்தின் உள்ளே இரண்டாவது தகட்டைச் சேர்த்து ரிவெட் அடிப்பதும் வழக்கம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை, ஆறு மடங்கு வரைகூட, அடைத்துக்கொள்ளும். இரு தகடுகளின் இடையே அது புகுந்தால் மெல்ல மெல்லத் தகடுகளைப் பிளந்து, ரிவெட்டுகளுக்கு இடையே அலைபோல் வீங்கச் செய்யும். வலிமைக்காகச் சேர்த்த தகடே பலவீனத்தின் இருப்பிடம் ஆகிவிடும்.

மிஸ்திரியின் வேதியியல்

கான்பூர், இந்தூர், ஜெய்ப்பூர், லூதியானா என வட இந்திய நகரங்கள் பலவற்றிலும் 'டிரான்ஸ்போர்ட் நகர்' என்ற பெயரில் லாரிகளுக்கான குடியிருப்பு ஒன்று இருக்கும். அங்கே துருவுக்கு 'ஜங்' என்று பெயர். போரைக் குறிக்கும் சொல்லும் பேச்சில் அவ்வாறே ஒலிப்பது, அடியில் படுத்து வேலை செய்பவர்களுக்குப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

மிஸ்திரியின் முதற்கருவி சுத்தியல். விட்டத்தை ஓரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். தேய்ந்தது மந்தமாக ஒலிக்கும். இற்றுப்போனது அடுக்காக உதிரும். பிறகு வாட்டர் சர்வீஸ். அழுத்த நீரால் மூலை முடுக்குகளின் சேற்றைக் கழுவி, முழுமையாக உலரவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய வண்ணம் துருவைப் பூட்டிவைத்த பெட்டிக்குச் சமம். உலர்ந்ததும் சுரண்டியாலும் கம்பி பிரஷ்ஷாலும் தளர்ந்த துருவை அகற்றி, அடிப்பூச்சிட்டு, அதன் மேல் கறுப்பு வண்ணம் பூசுவார்கள்.

அடிப்பூச்சுக்குத் தனி வரலாறு உண்டு. நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது ஈயச் செந்தூரம். ஆளி விதை எண்ணெயில் குழைத்த அந்தச் செம்பூச்சு பாலங்களையும் கப்பல்களையும் காத்தது. இரும்பைக் காப்பதில் அதற்கு நிகரானவை குறைவு. ஆனால் பழைய பூச்சைச் சுரண்டும்போது எழும் ஈயத்தூள் சுரண்டுபவரின் இரத்தத்தில் சேர்ந்தது. பட்டறைகளில் இன்று மிகுதியாகக் காணப்படுவது ரெட் ஆக்சைடு. இதில் சிந்திக்கத்தக்க முரண் ஒன்று உண்டு: ரெட் ஆக்சைடு என்பதும் இரும்பின் ஆக்சைடே, துருவின் நெருங்கிய உறவினர். இந்தியாவில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2016இல் அறிவிக்கப்பட்டது. அது வீட்டு வண்ணங்களுக்கும் அலங்கார வண்ணங்களுக்குமே பொருந்தியது. தொழிற்துறை வண்ணங்கள் அதன் வெளியே நின்றன. வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டும் சிறுவயதுக் கையாள் அந்த வரம்பின் பாதுகாப்புக்குள் வரவில்லை.

கையில் பணமில்லாத உரிமையாளருக்கு வேறொரு மருந்து இருந்தது: எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயில். பட்டைகளின் இடையே அதைத் தெளிப்பதும், சேசிஸில் தடவுவதும் நாடெங்கும் உள்ள பழக்கம். எண்ணெய் நீரைத் தள்ளி வைக்கும் என்பதால் அது சிறிதளவு வேலை செய்யும். அதே எண்ணெய் புழுதியைக் கவர்ந்து தடித்த மேலோடாக மாறும். மழைக்காலத்தில் அந்த ஓட்டின் அடியில் ஈரம் தங்கும். ரப்பர் புஷ்கள் ஊறி வீணாகும். வடிந்தது மண்ணில் சேரும். கழிவு ஆயில் இன்று சட்டப்படி அபாயக் கழிவு. தார் கலந்த பூச்சின் கதையும் இத்தகையதே. சுத்தமான எஃகின் மீது அது நல்ல காப்பு. துருவின் மீது அப்படியே அப்பினால், அடியில் நடப்பதை மறைக்கும் திரையாகிவிடும். தகுதிச் சான்றுக்கு முந்தைய நாள் அவசரமாக அடிக்கப்படும் பளபளப்பான கறுப்பின் நோக்கம் பல நேரங்களில் அந்தத் திரையே.

ஓட்டை விழுந்த இடத்தில் தகட்டை வைத்து வெல்டிங் செய்வது அடுத்த நிலை. இங்கேதான் கைத்திறனுக்கும் பொறியியலுக்கும் இடையே பழைய பூசல். கனரக வண்டி உற்பத்தியாளர்கள் பொதுவாக விட்டத்தின் விளிம்புகளில் துளையிடுவதையும் பற்றவைப்பதையும் தடுக்கிறார்கள். வெப்பம் பட்ட எஃகின் தன்மை மாறும்; தேய்ந்த தகட்டோடு புதிய தகட்டை இணைத்த கோட்டில் புதிய விரிசல் தொடங்கும். நல்ல மிஸ்திரிகள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். விட்டத்தின் நடுப்பகுதியில், நீண்ட தகட்டை முனைகள் சாய்வாக வெட்டி, போல்ட்டால் இணைப்பார்கள். ஆனால் அந்த வேலைக்கு நாட்கள் ஆகும். வண்டி நின்ற நாட்களுக்கும் தவணை உண்டு. இந்திய லாரிகளில் பெரும்பங்கு ஐந்துக்கும் குறைவான வண்டிகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையது என்பதை மறந்துவிட்டு, பட்டறைகளின் அவசரத்தைக் குறை கூறுவது எளிது.

தொழிற்சாலைகளின் அறிவு வேறொரு பாதையில் வளர்ந்தது. எஃகின் மேற்பரப்பைப் பாஸ்பேட் படலமாக மாற்றும் முறைக்கு பிரிட்டனில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் காப்புரிமை பெற்றார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்டு நிறுவனம் வண்ணத்தொட்டியில் உலோகத்தை மூழ்கடித்து, மின்சாரத்தால் இடுக்குகளிலும் வண்ணம் படியச் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 1970களின் பிற்பாதியில் அம்முறை மேலும் செம்மையுற்றது. தில்லித் தூணைக் காத்த பாஸ்பரஸ், பாஸ்பேட்டாகத் தொழிற்சாலைக்குள் வந்த கதை இது. ஆனால் இவையெல்லாம் வண்டி பிறக்கும்போது செய்யப்படுபவை. பாடி கட்டும்போது இடப்படும் முதல் துளையே அந்தப் படலத்தைக் குத்திவிடும்.

உப்பின் நாடு

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலச் சாலைகளில் உப்பைத் தூவுவதால் வண்டிகளின் அடி அரிக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் சாலையில் உப்பு இல்லை. இங்கே உப்பு சரக்காகவும் காற்றாகவும் வருகிறது.

நாட்டின் உப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குஜராத்தில் விளைகிறது. சிறிய கச் ரண் பகுதியில் அகரியா மக்கள் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் உப்பு எடுக்கிறார்கள். பாத்தியிலிருந்து காராகோடா போன்ற ஊர்களுக்கு அதைச் சுமப்பவை பெரும்பாலும் பழைய லாரிகளே. ஈரம் காயாத உப்பின் நீர் பலகை இடுக்கு வழியே விட்டத்தின் மேல்விளிம்பில் வடியும். வேராவல் போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் பனிக்கட்டி உருகிய உவர்நீர் அதே வேலையைச் செய்யும். காண்ட்லா போன்ற துறைமுகங்களில் கடற்காற்றே போதும். குளோரைடு புகுந்த துரு தன் காப்புத்தன்மையை இழந்துவிடுகிறது. அது ஈரத்தைத் தானே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். மழையில்லா நாளிலும் வேலையை நிறுத்தாது.

ஏன் பழைய லாரிகள் அங்கே? இங்கேதான் சட்டம் கதைக்குள் நுழைகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், பல அச்சு வண்டிகள் நீங்கலாக, 12 ஆண்டு கடந்த சரக்கு லாரிக்கு நேஷனல் பெர்மிட் தருவதில்லை. பல அச்சு வண்டிகளுக்கு வரம்பு 15 ஆண்டுகள். நெடுஞ்சாலைகளில் பழைய வண்டிகள் பழுதாகி நிற்கக்கூடாது என்ற எண்ணம் நியாயமானது. அதன் விளைவு வேறாக அமைந்தது. தூரப்பயணத்திலிருந்து விலக்கப்பட்ட வண்டி உடைப்புக்குப் போகவில்லை; இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போயிற்று. அங்கே அதற்குக் கிடைத்த வேலைகள் மணல், செங்கல், துறைமுகச் சரக்கு, மீன், உப்பு. தகடு மெலிந்த வயதில், தகட்டை மிகுதியாகத் தின்னும் வேலை அதன் தலையில் விழுந்தது. ராஜஸ்தானின் வறண்ட சாலைகளில் 12 ஆண்டு ஓடிய வண்டி, அதன் 13ஆம் ஆண்டில் ஒரு கடற்கரை மாவட்டத்துக்கு விற்கப்பட்டால், அதன் துருவின் கணக்கு அன்றுதான் உண்மையில் தொடங்குகிறது.

எதை அளப்பது

இந்தியாவில் போக்குவரத்து வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்ற விதி 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது. இன்று எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். கோட்பாட்டளவில் இது நிலையைப் பார்க்கும் முறையே. நடைமுறையில், இறங்கிப் பார்க்கக் குழி இல்லாத மைதானங்களில், வரிசையில் நின்ற வண்டிகளின் அடியில் எவர் எத்தனை முறை குனிந்திருப்பார் என்பது எல்லோரும் அறிந்ததே.

அந்த அவநம்பிக்கையின் இடத்தில் வயது வந்து அமர்ந்தது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. 2021 ஆகஸ்டில் வாகன உடைப்புக் கொள்கை தொடங்கப்பட்டது. சொல்லளவில் அது தகுதியற்ற வண்டிகளையே நீக்கச் சொன்னது. ஆனால் 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த கனரக வண்டியின் சான்றுக் கட்டணம் 12,500 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு, நிலை எதுவாயினும், புதுப்பிக்கப்படாது என்றானது. 2025இல் தலைநகர் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, வயதை வைத்து முடிவெடுப்பதா நிலையை வைத்து முடிவெடுப்பதா என்ற கேள்வி அங்கே மறுபடியும் எழுந்தது.

வயதுக்கு ஆதரவான வாதத்தைத் தள்ளிவிட முடியாது. புகையைப் பொறுத்தவரை, வண்டி எந்த மாசுத்தரத்தின் காலத்தில் உருவானது என்பது அதன் பிறப்போடு வந்த உண்மை. பராமரிப்பு அதை ஓரளவுதான் மாற்றும். மேலும் பிறந்த தேதிக்கு லஞ்சம் கொடுத்து மாற்ற முடியாது. துருவுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து மறைக்க முடியும். ஆனால் புகை ஒரு கேள்வி, வலிமை மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே எண்ணை விடையாக்கும்போது இரு புறமும் தவறு நேர்கிறது. 20 ஆண்டு ஆன, உறுதியான வறண்ட நிலத்துச் சேசிஸ் உடைபடுகிறது. ஏழு ஆண்டே ஆன, விளிம்பு இற்றுப்போன மீன் லாரி தாளில் இளமையோடு சுமை ஏற்றிச் செல்கிறது. அந்த லாரியின் முன்னே பள்ளிப் பேருந்தும் பின்னே இருசக்கர வண்டியும் போகின்றன.

மற்ற துறைகள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டன. கடலில் ஓடும் கப்பலை ஐந்தாண்டுச் சுழற்சியில் வகைப்பாட்டு நிறுவனங்கள் ஆய்வு செய்கின்றன. மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து, முதலில் இருந்ததில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு, வரம்பைத் தாண்டிய தகட்டை மாற்றச் சொல்கின்றன. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. அதன் வயதுக்காக அன்று, அரிமானம் கண்டறியப்பட்டதற்காக. அந்தக் கடற்கரையின் கொடுமையை முன்பே அளந்து வைத்தவர்களும் உண்டு. காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், மண்டபம் முகாமில் எஃகுத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்துப் பல்லாண்டு ஆய்ந்தது. ஜாம்ஷெட்பூர் தொடங்கிய வரைபடப் பணியை அந்நிலையம் பின்னர் புதிய அளவீடுகளோடு தொடர்ந்தது.

லாரிக்கு இதே முறை இயலாததன்று. விட்டத்தின் தகடு பொதுவாக 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. 7 மில்லிமீட்டர் தகட்டில் இருபுறமும் 1 மில்லிமீட்டர் போனால் எஞ்சுவது 5. இதை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒவ்வொரு தகுதிச் சான்றிலும் விட்டத்தின் குறித்த சில இடங்களின் தடிமனை எழுதிவைத்தால், பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தேய்மான வரலாறு இருக்கும். அளவு எண்ணாக இருப்பதால் அடுத்த ஆண்டு வேறொருவர் சரிபார்க்க முடியும். வண்ணப்பூச்சு அதை மறைக்காது. கடற்கரை மாவட்டங்களிலும் உப்பள வட்டாரங்களிலும் ஓடும் வண்டிக்கு அடிக்கடி ஆய்வு, வறண்ட மாவட்ட வண்டிக்கு நீண்ட இடைவெளி என்று பிரிக்க, வரைபடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தானியங்கி ஆய்வு நிலையங்கள் இப்போது நாடெங்கும் உருவாகி, பிரேக்கையும் விளக்கையும் புகையையும் கருவியால் அளக்கின்றன. துருவை மட்டும் இன்னும் கண்ணுக்கு விட்டுவைக்கக் காரணம் இல்லை.

இத்தகைய முறையால் மிகுதியாகப் பயன்பெறுபவர் சிறு உரிமையாளர். இன்றுள்ள ஏற்பாட்டில் அவர் வண்டியைக் கழுவினாலும் கழுவாவிட்டாலும், ஒழுங்காக அடிப்பூச்சிட்டாலும் கழிவு ஆயிலைத் தடவினாலும், 15ஆம் ஆண்டின் கட்டணம் ஒன்றே. பராமரிப்புக்கு மதிப்பில்லாத இடத்தில் பராமரிப்பு குறையும் என்பது எளிய பொருளாதாரம். தடிமன் எண்ணாகப் பதிவானால், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் சேற்றைக் கழுவி உலர்த்திய உழைப்பு அவர் கையில் ஒரு சொத்தாக மாறும். விற்கும்போது அதற்கு விலை கிடைக்கும். வாங்குபவர் வண்ணத்தை நம்பாமல் அளவை நம்புவார்.

சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டே தகட்டின் நிலையைச் சொன்ன மிஸ்திரிகளும், எஃகுத் துண்டுகளை எடைபோட்டு வரைபடம் வரைந்த ஆய்வாளர்களும் ஒரே உண்மையை இரு மொழிகளில் பதிவு செய்தவர்கள். இரும்பு எங்கே, எதைச் சுமந்து, எவர் கவனிப்பில் வாழ்ந்தது என்பதை அவர்கள் பார்த்தார்கள். பதிவுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது. அந்த வண்டி வாழ்ந்த இடத்துக்கு இன்னும் ஒரு கட்டம் இல்லை.